சிகிச்சைக்கு வந்த பெண்கள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள்? வட ஆற்காட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடி, புகையிலை, மாத்திரை, கஞ்சா என்று ஏதோ ஒன்றிலிருந்து வெளியே வரச் சிகிச்சை எடுக்கும் பெண்களை, அவர்கள் வார்டை விட்டுப் போன பிறகும் தொடர்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான். குடியாத்தத்தில் ஒரு அம்மா கேட்கிற சந்தேகத்தையே ஆற்காட்டில் ஒரு மாமியார் கேட்பார், அடுத்த வாரம் ஒரு நர்ஸும் அதையே கேட்பார். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். மருந்தின் அளவு எதுவும் இதில் கிடையாது. அது டாக்டர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பொம்பளைங்களுக்குக் கூடவா இந்த வியாதி வரும்? எங்க தெருவுல அப்படி ஒருத்தரும் இல்லையே.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வில், இந்தியாவில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம் என்று வந்தது. சதவீதம் சின்னதுதான், ஆனால் இந்தியப் பெண்களின் தொகையில் அது கோடியைத் தொடும். அதுவும் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு. உங்கள் தெருவில் ஆண் குடித்தால் ரோட்டில் விழுந்து கிடப்பார், எல்லாருக்கும் தெரியும். பெண் குடித்தால் அடுப்படியில் குடித்துவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொள்வார்.

மதுவோடு நின்றுவிடவும் இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, தடை இருந்தும் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஹான்ஸ், தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்று எல்லாம் வருகிறது. மலைப் பக்கத்து ஊர்களில் சாராயம். இதில் புகையிலையை யாரும் போதையாகவே எண்ணுவதில்லை. "ஆயா காலத்துப் பழக்கம்" என்று விட்டுவிடுகிறார்கள், வாய்ப்புண் ஆறாமல் போகும் வரைக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெண் உடம்பில் நீரின் அளவு குறைவு, வயிற்றில் மதுவை உடைக்கும் நொதியும் குறைவு. அதே அளவைக் குடித்தாலும் ரத்தத்தில் ஏறுவது அதிகம். ஆணுக்குப் பல வருடம் கழித்து வரும் ஈரல் கோளாறு பெண்ணுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. கொஞ்ச நாளாகத்தானே என்று தள்ளிப்போட நேரம் இல்லை.

டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை தானே? அது எப்படி போதை ஆவும்?

எழுதிக் கொடுத்தது பத்து நாளைக்கு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்குவதில்தான் சிக்கல். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும், டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் உடம்பைப் பழக்கிவிடும். கருப்பை எடுத்த பிறகு இடுப்பு வலி, கணவன் செத்த பிறகு தூக்கமின்மை என்று நியாயமான காரணத்தில்தான் ஆரம்பித்திருக்கும். அதனாலேயே தனக்கு வந்திருப்பது பழக்க நோய் என்று அவருக்கே தோன்றாது. டி-அடிக்ஷன் என்ற பெயர்ப்பலகை உள்ள இடத்துக்கு வரவும் மாட்டார்.

ஒரு எச்சரிக்கை: இது தெரிந்ததும் மாத்திரைகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

ஊட்லயே ரூம்ல பூட்டி வெச்சி நிறுத்திட்டா ஆவாதா? வெளிய தெரியாம முடிஞ்சிடுமே.

தினமும் குடிப்பவருக்கு இது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், இல்லாத ஆட்களோடு பேசுவது என்று புத்தி பேதலிக்கலாம். இதில் உயிர் போனவர்கள் உண்டு. "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து நேராக ஐ.சி.யூ.வுக்கு வந்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டம் தாண்டிவிடும்.

எங்க கூட்டிக்கினு போவறது?

அரசு மருத்துவமனை என்றால் அடுக்கம்பாறை வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தனியார் என்றால் பாகாயத்தில் சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் வருகிறார் என்பதை உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். போனில் பேச வேண்டுமென்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 டெலி மானஸ் எனும் மனநல உதவி எண். இரண்டும் இலவசம்.

எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது: பெண்களுக்குத் தனி வார்டு உண்டா, ராத்திரி ட்யூட்டியில் பெண் பணியாளர் இருப்பாரா? இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஆண்கள் வார்டு மூலையில் ஒரு தட்டி வைத்து மறைத்துக் கொடுக்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் மூன்று நாள் தாங்க மாட்டார்.

முதல் வாட்டி வந்தா. ரெண்டாவது வாட்டிக்கு வரவே இல்ல. அவளுக்கே மனசு இல்லன்னு தானே அர்த்தம்?

இந்தக் கேள்வியை வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள், எங்கள் துறை ஆட்களும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். மனசு இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால், அன்றைக்கு அவரைத் தடுத்தது எது என்று பாருங்கள். பத்தில் எட்டு இடத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு தடை இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே இலையை நனைத்து வைக்க வேண்டும். காலையில் வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சாயங்காலம் கட்டு கட்டி ஒப்படைக்கும் வரை எழுந்திருக்க முடியாது. நனைத்த இலை காய்ந்தால் மடிக்கும்போதே உடையும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். ஒரு நாள் ஓ.பி.க்கு வந்தால் அன்றைக்குக் கூலியும் போச்சு, இலையும் போச்சு, ஏஜென்ட் கணக்கில் இலைக்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவருக்கு விடிந்ததும் கம்பெனி பஸ். நம்முடைய ஓ.பி.யோ காலையில் டோக்கன், மதியத்தோடு முடிந்துவிடும். மாதம் இரண்டு முறை லீவு கேட்டால் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். என்ன சொல்வார் அவர்?

பஸ் காசு ஒரு தடையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால். அந்தப் பஸ் வராத நேரத்தில் ஷேர் ஆட்டோதான், ஜவ்வாதுமலைக் கிராமங்களுக்கு அதுவும் இல்லை. இதற்கு மேல் கார்ப்பரேஷன் தண்ணி வரும் நேரம், பள்ளி விடும் நேரம், மாமியார் கேள்வி. ஒரு ஆண் சிகிச்சைக்கு வரும்போது மனைவி டிபன் கேரியரோடு பின்னாலேயே வருகிறார், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறார். பெண் வரும்போது பின்னால் யாரும் இல்லை. பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது 1950களில் தொடங்கி வரும் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் குடிநோய்க்கு வந்த பெண்ணோடு தங்க யார் வருவார் என்று கேட்டால், அநேகமாக வயதான அம்மா. அவருக்கும் முட்டி வலி.

சரி, நாங்க கவுன்சிலருங்க. எங்க பக்கம் இன்னா மாத்தணும்?

முதல் சந்திப்பிலிருந்து இரண்டு நாளுக்குள் ஒரு போன் போக வேண்டும். சிகிச்சை எடுப்பவர்கள் நழுவிப்போவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்டரைப் பார்த்து "வரவில்லை" என்று எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. பேசும் ஆள் மாறாமல் இருப்பது அதைவிட முக்கியம். ஒவ்வொரு முறையும் புது ட்ரெயினியிடம் கல்யாணத்திலிருந்து கதையை ஆரம்பித்துச் சொல்லச் சொன்னால், மூன்றாவது முறை நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

அடுத்தது உட்காரும் இடம். "போதை மறுவாழ்வு" என்று கொட்டை எழுத்தில் போட்ட அறைக்கு வெளியே பெஞ்சில், ஆண்கள் வரிசைக்கு நடுவே, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் காரணம் புரியும். பொது ஓ.பி., பிரசவ ஓ.பி., சர்க்கரை ஓ.பி. வரும் நாளிலேயே இந்தச் சந்திப்பையும் வைத்துவிட்டால், வீட்டில் சொல்ல அவரிடம் ஒரு காரணம் இருக்கும். பெண்களுக்கான தனி நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், கர்ப்பகால மருத்துவமும் அதே கூரையின் கீழ்: இவை உள்ள இடங்களில் பெண்கள் கூடுதல் காலம் சிகிச்சையில் நிலைக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. தனிக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மதியம், ஒரு அறை போதும்.

கடைசியாக, அதட்டல் வேண்டாம். "ரெண்டு பொண்ணுக்கு அம்மா, வெக்கமா இல்ல?" என்பதை அவர் ஏற்கனவே வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

போன் பண்ணா புருஷனோ மாமியாரோ எடுக்கறாங்க. இன்னான்னு சொல்றது?

முதல் நாளே மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த எண், எந்த நேரம், வேறு ஆள் எடுத்தால் யார் என்று சொல்ல வேண்டும். ஒருவர் "தையல் கிளாஸ் அக்கான்னு சொல்லுங்க" என்பார், இன்னொருவர் "ஆஸ்பத்திரின்னே சொல்லலாம், சர்க்கரைக்குன்னு நெனச்சிப்பாங்க" என்பார். அவர் சொன்னதைத் தவிர வேறு எதையும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவே வேண்டாம். அந்தப் போன் பாதி நேரம் மகன் கையில் கேம் விளையாடப் போய்விடும்.

இதற்குச் சட்டமும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்பதற்குள் சேர்க்கிறது. அதன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. கணவர் என்பதாலேயே ஃபைலைக் காட்டச் சொல்லிக் கேட்க முடியாது. பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவருக்குத் தேவையான அளவு சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது யார் என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

அட்மிட் ஆவச் சொல்றாங்க. கொழந்தைய எங்க வுடறது?

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை, சிகிச்சைக்காக மனநல நிலையத்தில் தங்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டமே 21ஆம் பிரிவில் சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும் பிரிக்கலாம், அதையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதைத் தெரியாத இடங்கள் உண்டு. "குழந்தைக்கெல்லாம் இங்க இடம் இல்ல" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரிய குழந்தைகளுக்குச் சட்டத்தில் வழி இல்லை, வீட்டில்தான் பார்க்க வேண்டும். அங்கன்வாடி பகலுக்கு உதவும், ராத்திரிக்கு ஆயாவோ சித்தியோ வேண்டும். அட்மிஷன் தேதி குறிக்கும் முன்னாலேயே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். அட்மிட் ஆன மூன்றாம் நாள் "பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்று ஒரு போன் வந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். யாராக இருந்தாலும் கிளம்புவார்கள். உடம்பு நிலை இடம் கொடுத்தால், அட்மிட் ஆகாமலே தினமும் வந்துபோய் மருந்து எடுக்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம்.

ட்ரீட்மென்ட்டுக்கு வந்தா கொழந்தைய புடுங்கிக்குவாங்கன்னு சொல்றாங்களே?

சிகிச்சைக்கு வந்த ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து குழந்தையை எடுக்கும் சட்டம் இங்கே இல்லை. ஆனால் கணவர் இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போவதாக மிரட்டுவார், சில பேர் போகவும் செய்வார்கள். அப்போது ஒழுங்காகச் சிகிச்சைக்கு வந்த பதிவு உங்கள் பக்கம்தான் பேசும். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். போனில் 15100.

கஞ்சா பழக்கம். ஆஸ்பத்திரிக்கு வந்தா போலீசுக்குச் சொல்லிடுவாங்களா?

ஆஸ்பத்திரி அதைச் செய்யாது, ரகசியம் பற்றி மேலே எழுதியது இதற்கும்தான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது.

மாசமா இருக்கா. இப்ப போய் மருந்து எல்லாம் குடுக்கலாமா?

கர்ப்பத்தில் "இவ்வளவு குடிக்கலாம்" என்று ஒரு அளவு கிடையாது, மது நேராகக் குழந்தைக்குப் போகும். அதற்காகத் தினமும் குடிப்பவர் அன்றைக்கே தானாக நிறுத்திவிடவும் கூடாது. காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது, இங்கே இரண்டு உயிர். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வலி மாத்திரை, ஹெராயின் மாதிரி ஓபியம் வகைப் பழக்கம் என்றால் திடீரென்று வெட்டாமல் புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்தில் வைத்துப் பிரசவம் வரை கொண்டுபோவார்கள். பிறந்த குழந்தைக்குச் சில நாள் அழுகையும் நடுக்கமும் இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. ஓபியம் வகை எடுப்பவர்களுக்கு மாதவிலக்கு நின்று நின்று வரும். அதனால் நாலு மாதம் வரை கர்ப்பமே தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரசவப் பரிசோதனையில் உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து பரிசோதனைக்கே போகாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. செவிலியர் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: "குடிப்பியா?" என்று எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். தனியாக, எடை பார்க்கும் நேரத்தில், புகையிலை போடுவீர்களா என்று ஆரம்பித்துக் கேட்டால் மற்றதும் வரும். குழந்தைக்காக என்று நிறுத்தும் பெண்கள் நிறைய. பிரசவத்துக்கு அப்புறம்தான் தூக்கமில்லாமல், தனியாகக் கிடந்து, மறுபடி பிடித்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு நாளும் இதைப் பேச ஒரு நாள்.

சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்கற மருந்து ஒண்ணு இருக்குதாமே?

டைசல்ஃபிராம் என்ற மருந்தைத்தான் சொல்கிறீர்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கிவிடும். சில நேரம் உயிரே போகும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். எல்லாம் சொல்லி, எழுதி வாங்கி, குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் டாக்டர் கொடுப்பார். ரசத்தில் கலந்து கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம். விளம்பரத்தில் வரும் "தெரியாமல் கொடுக்கும்" பொடிகளும் அதே வகைதான். கர்ப்பிணிக்கு இந்த மருந்து கூடவே கூடாது.

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அகாம்ப்ரோசேட் மூன்று வேளை சாப்பிட வேண்டும். மதிய வேளையைக் கம்பெனியில் எல்லார் எதிரிலும் எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு பெண் கேட்டார். டாக்டர் இதைக் கேட்டு மருந்தை மாற்றி எழுதினார். இப்படிச் சின்ன விஷயம் என்று தோன்றுவதையும் கேளுங்கள்.

புருஷனும் குடிக்கறாரு. இவ மட்டும் எப்படி நிப்பா?

கஷ்டம்தான். பல பெண்களுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்ததே கணவர்தான், "நீயும் கொஞ்சம் சாப்பிடு, வலி தெரியாது" என்று. இரண்டு பேரும் சிகிச்சைக்கு வந்தால் நல்லது. வந்தால் தனித்தனி ஃபைல், முடிந்தவரை தனித்தனி கவுன்சிலர். அவர் வரும் வரைக்கும் இவர் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பாட்டில் வைக்கக் கூடாது என்ற ஒன்றையாவது பேசி வாங்குங்கள்.

அடி உதை இருந்தால் கதை வேறு. "குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம்" என்று இரண்டு பேரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். உள்ளே சொன்னதற்கு வெளியே அடி விழும். பெண்கள் உதவி எண் 181. அந்த வீட்டிலிருந்து கொஞ்ச நாள் வெளியே இருக்க வழி கிடைக்காமல் எந்த மருந்தும் வேலை செய்வதை நான் பார்த்ததில்லை.

வண்டி வெச்சி வந்து தூக்கிக்கினு போயி ஆறு மாசம் வெச்சிக்குவாங்களாம். அங்க சேர்த்துடலாமா?

வேண்டாம். அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள், சான்றிதழை நேரில் காட்டச் சொல்லுங்கள். வயது வந்தவர் தன் விருப்பத்தில் சேரலாம், கிளம்பவும் கேட்கலாம். விருப்பம் இல்லாமல் சேர்க்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் கடுமையான நிபந்தனைகளும் 30 நாள் வரம்பும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் தனி நடைமுறை. சங்கிலியால் கட்டுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. போன் பேச விடமாட்டோம், மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வர எப்படி மனம் வரும்? அப்படிப் போய் வந்தவர்கள் அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியையும் நம்புவதில்லை, அடுத்த சிகிச்சைக்கான வாசலும் அடைந்துவிடுகிறது.

மறுபடி குடிச்சிட்டா. இவ்ளோ செலவு பண்ணது எல்லாம் வேஸ்ட் தானே?

சர்க்கரை மறுபடி ஏறினால் அதுவரை சாப்பிட்ட மாத்திரை வீண் என்று சொல்வீர்களா? இந்த நோய் போய்ப் போய் வரும். ஐந்து மாதம் நின்றவர் உடம்பில் அந்த ஐந்து மாத நன்மை இருக்கிறது. மறுபடி குடித்த அன்றே வரச் சொல்லுங்கள். "சுத்தமா நிறுத்திட்டு வா" என்று திருப்பி அனுப்பும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நிறுத்த முடிந்தால் எதற்கு வருகிறார்?

எங்கே சறுக்கியது என்று பார்த்தால் பெரும்பாலும் குடிப்பதற்கு முன்னாலேயே வருவது நின்றிருக்கும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர் கூட்டம், வீட்டில் சாவு, இவற்றையொட்டி சந்திப்பு தவறும். அதற்கு முந்தின வாரமே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஓபியம் வகை மாத்திரையை நிறுத்தியவருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகும். வார்டிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நான் மகளிர் குழுத் தலைவி. குழு லோன் பணத்தக் குடிச்சே தீத்துட்டா. நீக்காம இன்னா பண்றது?

கடன் கணக்கு வேறு, சிகிச்சை வேறு. கடனுக்குத் தவணையை மாற்றிப் போடுவதா, உறுப்பினரை மாற்றுவதா என்பது உங்கள் குழுவின் தீர்மானம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள், கூட்டத்தில் பேசாதீர்கள். தவணை தவறியது என்று மட்டும் போதும். நீங்கள் ஒருவர் மட்டும் தனியாகப் போய், "நாளைக்கு அடுக்கம்பாறைக்கு நானும் வேலையா போறேன், கூட வரியா?" என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் யாரும் இல்லை என்று மேலே எழுதினேனே, அந்த இடத்தில் நிற்கப் பெரும்பாலும் ஒரு குழு அக்காதான் கிடைக்கிறார்.

ஏஏ கூட்டத்துக்குப் போவச் சொல்றாங்க. அங்க ஆம்பளைங்க மட்டும் உக்காந்துக்கினு இருக்காங்க.

சங்கடமாக இருந்தால் போக வேண்டாம். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம். அதனால் பலன் பெற்ற பெண்களும் இருக்கிறார்கள், அதுவே ஒரே வழி இல்லை. ஒரே வார்டில் இருந்து வெளியே போன இரண்டு மூன்று பெண்கள், அவர்கள் சம்மதத்தோடு, எங்காவது ஒரு இடத்தில் மாதம் ஒருமுறை சந்தித்தாலே அது குழுதான். போன் வழியாகப் பேசுகிறவர்களும் உண்டு.

எவ்ளோ நாள் வந்தா போதும்?

முதல் மூன்று மாதம் விடாமல். பிறகு இடைவெளி கூடும், ஒரு வருடமாவது தொடர்பில் இருக்கட்டும். "இப்ப நல்லா இருக்கேன், எதுக்கு வரணும்?" என்று கேட்கும் நேரத்தில் வாதாட வேண்டாம். நேரில் வருவதைப் போனாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அவ வர மாட்டேன்றா. அம்மாக்காரி நான் மட்டும் வந்து பேசலாமா?

தாராளமாக. வீட்டில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பது மாறினாலே, மறுத்துக்கொண்டிருந்தவர் வருவது நடக்கிறது. போதையில் இருக்கும்போது சண்டை போடாமல் தெளிந்த காலையில் பேசுவது, குடிக்காத நாளில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, எந்தப் பொய்யை அவருக்காக நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பார்ப்பது, இவற்றை உட்கார வைத்துச் சொல்லித் தருவோம். நீங்கள் வந்தது அவருக்குத் தெரிய வேண்டுமா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம். வரும்போது வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளை, காலியானதாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். அவருக்கு வலிப்பு வந்ததுண்டா, கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது, இரண்டையும் தெரிந்தால் சொல்லுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.